ஓட்டைக் கட்டிலில் ஒரு ராத்திரி

டாக்காவுக்குப் போகிறேன் என்று சொன்னபோது யாருமே பொறாமைப்படவில்லை. சிங்கப்பூர், துபாய் என்றால் "எனக்கு ஒரு சென்ட் பாட்டில்" என்று லிஸ்ட் நீளும். பங்களாதேஷ் என்றதும் எதிர் வீட்டு மாமா, "அங்கே எதுக்குப்பா? வெள்ளம் கிள்ளம் வந்திருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் மேல் தப்பில்லை. அந்த நாட்டை நமக்கு அறிமுகம் செய்து வைத்ததே புயலும் வெள்ளமும்தான். ஹெலிகாப்டரிலிருந்து விழும் மூட்டை, கீழே நீண்டிருக்கும் நூறு கைகள், ஓரமாக ஒரு வெள்ளைக்கார தொண்டு நிறுவன ஆசாமி, அவர் டி-ஷர்ட்டில் தட்டு சைஸில் எம்ப்ளம். இந்த போட்டோவை எத்தனை தடவை பார்த்திருப்போம்! (அந்த டி-ஷர்ட் அநேகமாக பங்களாதேஷிலேயே தைத்ததாக இருக்கும். அது வேறு விஷயம்.)

நான் போனது 2023 மே மாதம். காரணம், கல்லூரி ரூம்மேட். திருச்சியில் பி.காம். படித்தபோது மூன்று வருஷம் என் சோப்பில் குளித்தவன். திருப்பூர்க்காரன். இப்போது டாக்காவில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். போனில் கூப்பிட்டான்.

"ஏன்டா மாப்ளே, எழுதறேன் எழுதறேன்னு அந்த சென்னைக்குள்ளயே சுத்திட்டிருக்கே? இங்க வந்து பார்றா. டிக்கெட் உன்ற செலவு, சோறு என்ற செலவு."

சோறு அவன் செலவுதான். ஃபுச்கா என் செலவு. அங்கேதான் வந்தது வினை.

ஃபுச்கா என்றால் நம் பானி பூரிக்கு ஒன்றுவிட்ட தம்பி. நண்பன் ஆபீசில் இருந்த ஒரு மத்தியானம், தனியாக ஊர் சுற்றக் கிளம்பினேன். டாக்காவில் ஊர் சுற்றுவது என்றால் பாதி நேரம் ஒரே இடத்தில் நிற்பது. நம் ஊர் டிராஃபிக்கை இனிமேல் திட்டுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பின்பக்கம் முழுக்க சினிமா ஹீரோவும் மயிலும் வரைந்த சைக்கிள் ரிக்ஷாக்கள் ஒரு பக்கம். பச்சை ஆட்டோக்கள் இன்னொரு பக்கம். அந்த ஆட்டோக்களுக்கு சி.என்.ஜி. என்று பெயர், சுற்றிலும் கம்பிக் கதவு போட்டிருப்பார்கள். உள்ளே உட்கார்ந்தால் மிருகக்காட்சிசாலையில் இருக்கிற மாதிரி ஒரு கௌரவம். வெயிலில் முக்கால் மணி நேரம் கூண்டுக்குள் வெந்துவிட்டு இறங்கினால், எதிரே புளித்தண்ணீரில் மிதக்கும் ஃபுச்கா. மனுஷன் என்ன செய்வான்? ஒரு பிளேட். பிறகு இன்னொரு பிளேட்.

ராத்திரி பதினோரு மணிக்குள் ஏழு தடவை போய் வந்துவிட்டேன். எட்டாவது தடவை போகும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நண்பன் முகம் வெளுத்துவிட்டது. அவன் ஆபீஸ் டிரைவரை போனில் எழுப்பினான். அவர் வந்து என் கண்ணைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். "கலேரா ஹஸ்பத்தால்" என்றார்.

எனக்கு 'காலரா' மட்டும் தெளிவாகக் கேட்டது. மிச்சமிருந்த நீரும் வியர்வையாகப் போய்விட்டது.

*

மொஹாகாலி என்ற பகுதியில் இருக்கிறது அந்த ஆஸ்பத்திரி. சர்வதேச வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி மையம் என்று பெரிய பெயர் இருக்கிறது. ஆனால் ரிக்ஷாக்காரரிடம் காலரா ஆஸ்பத்திரி என்றால்தான் தெரியும். வருஷத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். காசு கிடையாது. கோடை சீசனில் கூட்டம் தாங்காமல் வெளியே கூடாரம் போடுவதும் உண்டாம். கல்யாண வீடு மாதிரி.

வாசலிலேயே ஒரு நர்ஸ் என் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். கிள்ளின மடிப்பு எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைமைக்குத் திரும்புகிறது என்பதுதான் டெஸ்ட். ரப்பர் மாதிரி உடனே திரும்பினால் பயமில்லை. கசங்கின துணி மாதிரி நின்றால், உடனே ஊசி போட்டு டிரிப்ஸ். என்னுடையது யோசித்து யோசித்துத் திரும்பியது. நடுத்தரம். ஒரு ஜக்கையும் டம்ளரையும் கையில் கொடுத்துக் கட்டிலைக் காட்டினார்கள்.

கட்டில் என்றால்... எப்படிச் சொல்வது? ரெக்ஸின் விரித்த கட்டில். நடுவில் வட்டமாக ஓட்டை. ஓட்டைக்கு நேர் கீழே ஒரு பக்கெட். படுத்த இடத்தில் படுத்தபடி காரியம் நடந்துகொண்டே இருக்கும். எழுந்து ஓட வேண்டியதில்லை. பக்கெட்டில் சேருவதை அளந்து பார்ப்பார்கள். எவ்வளவு வெளியே போனதோ, அவ்வளவு உள்ளே போக வேண்டும்.

சிரிக்காதீர்கள் சார். அந்த நிலைமையிலும் என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். ராத்திரி முழுக்க பாங்க் ரீகன்சிலியேஷன்! மூன்று வருஷம் கல்லூரியில் டேலி ஆகாத எனக்கு, விடியற்காலை நாலு மணிக்கு பக்கெட்டும் ஜக்கும் டேலி ஆயிற்று.

அந்த ஜக்கில் இருந்தது பெரிய மருந்து ஒன்றும் இல்லை. சர்க்கரை, உப்பு வகையறா, தண்ணீர். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் ஓ.ஆர்.எஸ். என்று பாக்கெட்டில் கிடைக்கிறதே, அதுதான். அது பிறந்து வளர்ந்த இடங்களில் ஒன்று நான் படுத்திருந்த அந்த ஸ்தாபனம் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஊருக்கு வந்த பிறகு தேடிப் படித்தேன்.

1960-ல் அதை ஆரம்பித்தவர்கள் 'சீட்டோ' என்கிற ராணுவக் கூட்டணிக்காரர்கள். அப்போது அந்த ஊர் கிழக்குப் பாகிஸ்தான். காலராவுக்கு அன்றைக்கு வழி ஒன்றுதான்: ஊசி, டியூப், டிரிப்ஸ். லிட்டர் லிட்டராக ஏற்ற வேண்டும். பட்டணத்து ஆஸ்பத்திரியில் முடியும். ஆற்றுக்கு நடுவே இருக்கும் கிராமத்தில் யார் ஏற்றுவது? 1968-ல் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்று இரண்டு இளம் அமெரிக்க டாக்டர்கள், குளுக்கோஸும் உப்பும் சரியான அளவில் கலந்த தண்ணீரை வாய் வழியாகவே கொடுத்துப் பார்த்தார்கள். போவதை அளந்து அதே அளவு கொடுத்தார்கள். டிரிப்ஸ் தேவை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

தத்துவம் சுலபம். பேதியாகும் குடல், வெறும் உப்பை உள்ளே விடாது. சர்க்கரை கூடவே வந்து சிபாரிசு செய்தால் விடும். உப்பு உள்ளே போனால் தண்ணீர் அதன் பின்னாலேயே போய்விடும். அரசாங்க ஆபீஸ் பக்கம் போய் வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

1971-ல் போர். ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் பன்காவ் ஆஸ்பத்திரியில் தரை முழுக்க காலரா நோயாளிகள். டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹலானபிஸ் என்ற டாக்டர் துணிந்து ஒரு காரியம் செய்தார். உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த தண்ணீரை டிரம்மில் நிரப்பி வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். நம் வழக்கம் அப்படி.

*

என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாவும் குழந்தையும். ஒரு வயசு இருக்கலாம் அந்தப் பயலுக்கு. கண் உள்ளே போயிருந்தது. அந்தப் பெண் ஒரு ஸ்பூனை வைத்துக்கொண்டு, ஒரு வாய், கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய் என்று கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவன் வாந்தி எடுத்தான். அவள் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் பத்து விரலையும் காட்டினார்: பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி கொடு, மெதுவாகக் கொடு. அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிஷம் ஆனதும் மறுபடி ஸ்பூன்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. வயிறு காரணமில்லை.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். போட்டோ கிடையாது. மன்னார்குடி பக்கத்தில் எங்கள் கிராமம். 1984 சித்திரையில், பதினாலாம் மாசத்தில் அவன் போய்விட்டான். அக்காவும் நானும் பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை. அம்மா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். மூன்று நாள் பேதி. அப்பாயி மாதுளம் பிஞ்சு அரைத்துக் கொடுத்திருக்கிறாள், தொக்கம் எடுக்கிற கிழவியை வரவழைத்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு உத்தரவு: தண்ணி குடுக்காதே, பால் குடுக்காதே. குடுத்தா இன்னும் போகும். குழந்தை அம்மாவின் கையில் இருந்த சொம்பையே பார்த்துக்கொண்டிருந்ததாம். மூன்றாம் நாள் மன்னார்குடி பஸ்ஸில் ஏறினார்கள். பாதி வழியில் இறங்கித் திரும்பி நடந்தார்கள்.

அப்பாயியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆறு பிள்ளை பெற்றவள். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றாதே என்பது கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது?

காலையில் டிரைவர் பாய் இளநீரோடு வந்தார். (பாய் என்றால் அங்கே அண்ணன், மதம் சம்பந்தப்பட்டதில்லை.) ஐம்பது வயசு. ஃபரித்பூர் பக்கத்து கிராமம். அவருக்கு சினிமா பார்த்துக் கற்ற ஹிந்தி. எனக்கு பிராத்மிக் வரை படித்த ஹிந்தி. இரண்டையும் கலந்தால் ஒரு ஆள் பேசுகிற அளவுக்கு வரும்.

"நேற்று என் உதட்டைப் பார்த்தே எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்கு ஆபா வந்தாங்களே" என்றார். ஆபா என்றால் அக்கா.

அவருக்கு அப்போது எட்டு வயசாம். தோளில் பை மாட்டிக்கொண்டு ஒரு இளம்பெண் வந்தாளாம். அப்போதெல்லாம் அந்தப் பக்கம் இளம்பெண் தனியாக ஊருக்குள் வருவதே வேடிக்கை. அவர் அம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்து, வீட்டில் இருக்கிற சொம்பைக் கேட்டு வாங்கி, அதில் அரை சேர் தண்ணீர் எதுவரை என்று கோடு போட்டாளாம். பிறகு மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, கைப்பிடி வெல்லம். 'லோபொன் குர்' - உப்பு வெல்லம். அவர் அம்மா அதை அவள் எதிரிலேயே கலந்து காட்ட வேண்டும். பத்து விஷயங்களை ஒப்பிக்க வேண்டும். நாலு வாரம் கழித்து வேறொரு ஆள் வந்து பரீட்சை வைத்தாராம்.

"அம்மா எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாங்க. எனக்கு நாலு கேள்வி தெரியும். நான் சொல்ல வாயெடுத்தேன், அடி விழுந்துச்சு" என்று சிரித்தார்.

*

டிஸ்சார்ஜ் ஆகி வெளியே வந்தபோது ஒரு உயரமான கட்டடத்தைக் காட்டினார். 'பிராக்' தலைமை அலுவலகம். ஆபாக்களை அனுப்பியவர்கள் அவர்கள்தான். மொஹாகாலியிலேயே, ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்திலேயே இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் பின்பக்கம் ஒரு ஏரி. ஏரிக்கு அக்கரையில் கொராயில், டாக்காவின் மிகப் பெரிய குடிசைப் பகுதிகளில் ஒன்று. மாடியிலிருந்து பார்த்தால் தகரக் கூரையாகத்தான் தெரியும்.

பிராக்கை ஆரம்பித்தவர் ஒரு அக்கவுன்டன்ட் என்று படித்தபோது, எனக்கு ஏதோ சொந்தக்காரருக்குப் பரிசு விழுந்த மாதிரி ஒரு சந்தோஷம். பெயர் ஃபஸ்லே ஹசன் அபேத். லண்டனில் காஸ்ட் அக்கவுன்டன்சி முடித்தவர். 1970-ல் சிட்டகாங்கில் ஷெல் கம்பெனியின் நிதிப் பிரிவில் பெரிய பதவி, பங்களா. அந்த நவம்பரில் வந்த புயல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. நண்பர்களோடு படகில் போய் உதவியவர், அதற்குப் பிறகு பழைய வேலைக்கு லாயக்கில்லாமல் போய்விட்டார். போர் முடிந்ததும் லண்டன் ஃபிளாட்டை விற்றார். 1972-ல் ஷுல்லா என்ற சிற்றூரில் வீடு கட்டிக்கொடுக்கும் வேலையை ஆரம்பித்தார். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபாம் நிதி கொடுத்தது. அப்போது அவருக்கு 36 வயசு. என் வயசுக்கு இரண்டு வயசுதான் அதிகம். நான் இன்னும் ஸ்கூட்டர் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

1979-ல் உப்பு வெல்லத்தைச் சிறிய அளவில் பரிசோதித்துவிட்டு, 1980-ல் நாடு முழுக்கக் கிளம்பினார்கள். பாக்கெட் கொடுக்கப் பணமில்லை, கொடுத்தாலும் தீர்ந்துபோகும். எல்லார் வீட்டிலும் உப்பும் வெல்லமும் உண்டு. அப்படியானால் சொல்லிக் கொடுத்தால் போதும். பத்து வருஷத்தில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு தாய்க்கு ஒரு ஆபா.

இதில் என்னை விழுந்து கும்பிட வைத்தது சம்பளக் கணக்குதான். நீங்களும் நானும் ஆபீசில் பார்த்ததுதானே? டார்கெட் கொடுத்தால் போதும், மரத்தடியில் உட்கார்ந்து ரிஜிஸ்டரை நிரப்பிவிடுவோம். 'இன்று பார்த்த வீடுகள்: 10.' யார் போய்க் கேட்கப் போகிறார்கள்? அபேத்தின் ஆட்கள் போய்க் கேட்டார்கள். சில வாரம் கழித்து, குலுக்கல் மாதிரி சில வீடுகளைப் பொறுக்கி எடுத்து, ஆபாவுக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆள் போவார். தாய்க்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்பார். கலந்து காட்டச் சொல்வார். அந்தத் தண்ணீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். உப்பு அதிகமானால் குழந்தைக்கு ஆபத்து. தாய்க்கு ஏ, பி, சி, டி என்று மார்க். ஏ வாங்கினால் ஆபாவுக்கு அதிகப் பணம். அப்புறம் படிப்படியாகக் குறையும். டி வாங்கினால், அந்த வீட்டுக்கு நடந்த நடைக்குப் பைசா கிடையாது.

ஆபா எத்தனை வீடு போனாள் என்பது கணக்கில்லை. தாய் மனசில் எவ்வளவு தங்கியது என்பதுதான் கணக்கு. ஒரு காஸ்ட் அக்கவுன்டன்டுக்குத்தான் இப்படித் தோன்றும்.

உடனே வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். தாய்மார்கள் பிரமாதமாக மார்க் வாங்கினார்கள். ஆனால் குழந்தைக்கு நிஜமாகவே பேதியானபோது கலந்து கொடுத்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை! படித்து பாஸ் செய்தும் உபயோகப்படாத படிப்பு. (இங்கே என் டிகிரியை ஞாபகப்படுத்திக்கொண்டேன்.) ஏன் என்று தோண்டிப் பார்த்தார்கள். கிடைத்த காரணங்களைக் கேளுங்கள்.

முதல் காரணம், சொல்லிக் கொடுத்த ஆபாக்களுக்கே நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிறு போனால் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார்கள். உடனே அவர்களை டாக்காவுக்கு அழைத்து வந்து, உப்புத் தண்ணீர் எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு கலந்த தண்ணீரை ஊரார் எதிரில் தாங்களே ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசினார்கள்.

இரண்டாவது, வீட்டு ஆண்களை யாரும் கேட்கவில்லை. "என்னைக் கேக்காம எவளோ வந்து எம் பொண்டாட்டிக்கு வைத்தியம் சொல்லிட்டுப் போறாளா?" இது எந்த ஊர் புருஷன் குரல் என்று சொல்ல வேண்டுமா? பிறகு ஆண் ஊழியர்கள் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மசூதிக்கும் போய்ப் பேசினார்கள்.

மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. அந்த ஊர் கிராமத்தில் பேதிக்கு ஒரு பெயர் இல்லை, நாலு பெயர். பால் குடிக்கிற குழந்தைக்கு வந்தால் ஒன்று, செரிக்காமல் போனால் ஒன்று, சீதபேதிக்கு ஒன்று. தண்ணியாகக் கொட்டினால்தான் 'டயரியா'. ஆபாக்கள் டயரியாவுக்கு மருந்து என்று சொன்னார்கள். ஜனங்களும் அதற்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரிலும் அதேதான்: தொக்கம், மாந்தம், சீர் தட்டிடுச்சு, பேதி. டவுனிலிருந்து ஒருவர் 1984-ல் எங்கள் தெருவுக்கு வந்து 'வயிற்றுப்போக்கு' என்று நோட்டீஸ் கொடுத்திருந்தாலும், அப்பாயி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தாலும், "நம்ம புள்ளைக்கு அது இல்ல, தொக்கம்" என்றுதான் சொல்லியிருப்பாள்.

*

எல்லா உதவியும் இப்படி விளங்கிவிடவில்லை. டிரைவர் பாய் அதையும் சொன்னார். அவர் வீட்டுக் கொல்லையில் அடிபம்பு ஒன்று இருக்கிறதாம். சிவப்புப் பெயின்ட் அடித்தது.

குளத்துத் தண்ணீரால்தானே பேதி வருகிறது என்று, 1970-களில் அரசாங்கமும் யுனிசெஃபும் சேர்ந்து நாடெங்கும் அடிபம்பு போட வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். பம்பு எத்தனை என்று எண்ணினார்கள். தண்ணீரில் கிருமி இல்லை என்று பார்த்தார்கள். ஆர்செனிக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 1993-ல் தெரிந்தபோது கோடிக்கணக்கானவர்கள் வருஷக்கணக்காக அதைக் குடித்து முடித்திருந்தார்கள். உள்ளங்கையில் கறுப்புத் தடிப்பு, பிறகு புற்றுநோய். அப்புறம் ஊர் ஊராகப் பரிசோதித்து, விஷமுள்ள பம்புக்குச் சிவப்பும் இல்லாததற்குப் பச்சையும் அடித்தார்கள். பாயின் சித்தப்பா கையில் அந்தத் தடிப்பு இருக்கிறதாம்.

ஒரே நாடு, அதே வருஷங்கள், பேதியை ஒழிப்பது என்ற அதே நோக்கம். ஒரு இடத்தில் ஒரு தாயின் சொம்பில் இருந்த தண்ணீரைக்கூட எடுத்துப் பரிசோதித்தார்கள். இன்னொரு இடத்தில் எண்ணிக்கை போட்டு ரிப்போர்ட் அனுப்பினார்கள். போட்டோ எடுத்தால் அடிபம்புதான் அழகாக விழும். பக்கத்தில் சிரிக்கிற குழந்தையோடு.

பிராக்கையும் சாமியாக்கிக் கும்பிட வேண்டியதில்லை. அவர்களுக்குக் குழுக்கடன் பெரிய வியாபாரம். வாரத் தவணைக்காரர் வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று நம் ஊர் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். பாங்க், யூனிவர்சிட்டி, துணிக்கடை என்று எங்கும் இருக்கிறார்கள். உப்புத் தண்ணீரும் உயிரைத்தான் காப்பாற்றும். கொராயிலுக்குக் குழாய் போட்டுத் தராது. ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் காலரா ஆஸ்பத்திரிக்கு வருஷா வருஷம் ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. 1971 டிசம்பரில் வாஷிங்டனில் பெரிய அதிகாரிகள் உட்கார்ந்து இந்த நாடு தேறாத கேஸ் என்கிற மாதிரி ஒரு வார்த்தை பேசினார்கள். அதை அந்த ஊரில் 'அடியில்லாத கூடை' என்று இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கூடையிலிருந்துதான் 2002-ல் பிராக் ஆட்கள் ஆப்கானிஸ்தானுக்கு உதவி செய்யப் போனார்கள். பிறகு ஆப்பிரிக்காவுக்கும் போனார்கள். அபேத் 2019 டிசம்பரில் இறந்தார். ஊழியர்கள் கடைசி வரை அவரை சார் என்று சொல்லவில்லை. 'அபேத் பாய்' தான்.

*

ஊர் திரும்பும்போது டிரைவர் பாய் பெட்டிக்கடையில் வண்டியை நிறுத்தி, 'ஓர்சலைன்' என்று போட்ட பாக்கெட்டுகளைச் சரமாகக் கிழித்து வாங்கி என் பையில் திணித்தார். அங்கே பீடி, பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் அது தொங்குகிறது. "வழியில் ஃபுச்கா சாப்பிட்டால்" என்றார். நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பக்கத்துக் கட்டில் பையன் காலையிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேனே. ஸ்பூனைப் பிடுங்கி அம்மாவின் மூக்கில் இடித்துக்கொண்டிருந்தான்.

கிராமத்துக்குப் போனபோது அம்மாவிடம் எல்லாக் கதையும் சொன்னேன். ஓட்டைக் கட்டிலைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆபாக்கள் கதையைச் சொல்லலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்திருந்தேன். சொல்லாமல் விட்டால்தான் நல்லது என்று முடிவும் செய்திருந்தேன். ஆனால் அவள் அந்த பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்னடா இருக்கு?" என்று கேட்டாள்.

"உப்பும் சர்க்கரையும்மா."

"அப்ப பாக்கெட் இல்லாதவங்க?"

"வெல்லம் போட்டு வீட்டுலயே கலக்கிக்கிட்டாங்க. அந்தக் காலத்துல. எம்பதுல, எம்பத்தஞ்சுல."

அம்மா அடுப்பு மேடையிலிருந்து உப்பு ஜாடியை எடுத்தாள். "எவ்வளவு உப்பு?"

மூன்று விரலைச் சேர்த்துக் காட்டினேன். அவளும் மூன்று விரலைச் சேர்த்து ஒரு சிட்டிகை எடுத்தாள். உள்ளங்கையில் போட்டுப் பார்த்தாள். வெல்ல டப்பா அலமாரியில், கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தண்ணீர்ச் சொம்பு அதற்குக் கீழே.

"இவ்வளவுதானா?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. கையில் இருந்த உப்பை மறுபடி ஜாடியிலேயே போட்டு, மூடியைத் திருகி வைத்துவிட்டு, "கை கழுவிட்டு வா, இலை போடுறேன்" என்று சொல்லிக்கொண்டே கொல்லைப் பக்கம் போனாள். ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை.